இருபத்து நாலு பரப்புக்கு எத்தனை மணித்தியாலம்

முதல் ஆறு கேள்விகளுக்கும் மச்சாள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏழாவதில் பேனை நின்றது. 'இயந்திரம் வருடமொன்றுக்கு உத்தேசமாக எத்தனை மணித்தியாலங்கள் இயங்கும்?'

"எல்லாரும் உதிலைதான் நிப்பினம் அண்ணை," என்றார் லீசிங் கந்தோரிலிருந்து வந்திருந்தவர். முப்பது வயது இருக்கும். நீலச் சேட்டு, கழுத்தில் அடையாள அட்டை, சப்பாத்து முழுக்கச் செம்மண். "பேர், விலாசம் எல்லாம் கடகடவெண்டு எழுதுவினம். இந்தக் கேள்வி வந்த உடனை வேலியைப் பாப்பினம்."

நான் வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளுவை வேலி. போன மாரிக்கு என் அண்ணை நட்ட கதியால் தடிகளில் எது துளிர்த்தது, எது பட்டுப்போனது என்று மனம் தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தது. அண்ணை செத்து நாலு மாதமாக மனம் இப்படித்தான். அழ வேண்டிய இடத்தில் எண்ணுகிறது. செத்தவீட்டில் கதிரைகளை எண்ணினேன். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடந்தபோது படிகளை எண்ணினேன். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தை விரலால் தொட்டுப் பார்ப்பதுபோல ஒவ்வொரு காலையும் என்னைத் தொட்டுப் பார்க்கிறேன். கன்னம் இருக்கிறது, விரல் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அறுபது வயது. ஒரே மகள் கனடாவில். "அப்பாவும் இல்லை, இனி அந்தத் தோட்டத்துக்கை என்ன செய்யப்போறியள், வெளிக்கிட்டு வாங்கோ" என்று மகள் கிழமைக்கு இரண்டு தரம் வட்ஸ்அப்பில் சொல்லுகிறாள். மச்சாள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆவணி பிறந்த கிழமை எனக்குப் போன் எடுத்து, உழவு மிசின் ஒன்று லீசிங்கில் எடுக்கப்போறன், படிவம் நிரப்ப வாங்கோ என்றார். மிசின் கிடைத்தால் ஐப்பசி மழைக்கு முன் உழுது, தோட்டத்தைத் தன் கையில் வைத்திருப்பார். கிடைக்காவிட்டால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவார். மூன்றாவது வழி இல்லை. அதை அவர் எனக்குச் சொன்ன குரல் பருப்பு வாங்கி வரச் சொல்லும் குரல்.

அண்ணை இரண்டு சில்லு இயந்திரத்தின் பின்னால் நடந்தே உழுதவர். அதன் கைபிடியை அமத்திப் பிடிக்க ஆம்பிளைத் தோள் வேண்டும், பிடித்துப் பிடித்து அவருடைய கைகள் சாப்பாட்டுக் கோப்பையின் மேலும் நடுங்கும். பெரிய நாலு சில்லு இயந்திரங்கள் எங்கள் ஒழுங்கைக்குள் வராது. இரண்டு பக்கமும் வேலி போய் மதில் வந்துவிட்டது. ஆகவேதான் சின்னது. இருந்து ஓட்டுவது. படலையால் நுழைவது.

"தம்பி, எத்தினை மணித்தியாலம் வந்தால் தருவியள்?" என்று மச்சாள் நேராகக் கேட்டார்.

"இந்தத் திட்டத்துக்கு வருசம் இருநூறு வேணும் அக்கா. அதுக்குக் குறைஞ்சால் மிசின் மரத்துக்குக் கீழை நிண்டு பழுதாப்போகும் எண்டு கந்தோரிலை தரமாட்டினம். சும்மா கூட்டி எழுதவும் ஏலாது. மிசினுக்குள்ளை மணிக்கூடு இருக்கு. வருச முடிவிலை வந்து பாப்பினம். கனக்கக் குறைஞ்சிருந்தால் எடுத்துக்கொண்டு போடுவினம்."

இருநூறு. நான் அதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டேன். எங்கள் ஊரில் யாரும் உழவை மணித்தியாலத்தில் எண்ணியதில்லை. உழவு பரப்பில்தான் பேசப்படும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பை உழ எவ்வளவு நேரம் என்று அண்ணையிடம் கேட்டிருந்தால், ஒரு வெத்திலை போடுற நேரம் என்றிருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சாளின் சொல்லுக்காகக் கந்தோர்க்காரர் ஓர் இயந்திரத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அரியாலையிலிருந்து நான் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தபோது அது தோட்டத்துக்குள் நின்றது. செம்மண்ணின் நடுவில் ஒரு செம்மஞ்சள் விளையாட்டுச் சாமான். கந்தோர்க்காரர் ஒரு பரப்பை உழுது காட்டினார். நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். ஒன்பது நிமிடம். பிறகு மச்சாள் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி இருந்தார். மூலைகளில் திரும்பும்போது ஒவ்வொரு தரமும் நிறுத்தி, பின்னால் சுழல்கலப்பை தூக்கியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பதினைந்து நிமிடம்.

வேலிக்கு அப்பால் சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் கிணற்றில் பங்குக்காரர், மச்சாளுக்கு அடுத்த நாள் தண்ணீர் இறைக்கிறவர்.

"பிள்ளை, நீ இதிலை ஏறினதைப் பாத்தால் நான் வேலியை ரெண்டு முழம் பின்னுக்குத் தள்ளித்தான் கட்டவேணும் போலை கிடக்கு," என்றார்.

"தள்ளுங்கோ அண்ணை. முந்தி எங்கடை பக்கம் தள்ளினதும் அதோடை சரியாப்போம்."

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செத்து ஒரு வருசம் ஆகேல்லை, ஆட்டைத்திவசம் முடியேல்லை. புதுசா ஒண்டு தொடங்கிறது..." என்று இழுத்தார்.

"மழை ஆட்டையைப் பாத்துக்கொண்டு நிக்குமே அண்ணை?"

அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, தன்னுடைய நிலத்தையும் இந்த மிசினால் உழுது தர முடியுமா என்று கேட்டார்.

மச்சாளின் யோசனையும் அதுதான். எங்கள் கிணறு ஐந்து வீட்டாரின் பங்குக் கிணறு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர்முறை வரும். உழுது பாத்தி கட்டி நடுகிற வேலையைத் தங்கள் முறைநாளுக்கு ஒப்பேற்ற வேண்டும். பிந்தினால் நட்ட வெங்காயம் அடுத்த முறை வரும்வரை வாடிக்கிடக்கும். ஆகவே ஐந்து வீட்டாருக்கும் ஒரே நாளில் உழவு தேவைப்படாது. ஆளுக்கொரு நாளாகத்தான் தேவைப்படும். ஒரு மிசின் ஐந்து வீட்டுக்கும் சண்டையில்லாமல் ஓடும். கிணறு எப்போதோ போட்டுவைத்த நேரசூசியில் மிசினை ஏற்றிவிட்டால் போதும்.

"நேரத்தை நடுவிலை போடுங்கோ மச்சான். பரப்புக்குப் பன்னிரண்டு நிமிசம். முதல் வருசம் நான் மெதுவாத்தான் ஓடுவன்," என்றார்.

அன்றைக்கும் அடுத்த ஞாயிறும் நான் ஒழுங்கையில் வீடு வீடாகப் போனேன். வீட்டில் இருக்க முடியாத காலம் அது. இருந்தால் எழும்புவேன், எழும்பினால் நடப்பேன், நடந்தால் ஏன் நடக்கிறேன் என்று நிற்பேன். கையில் ஒரு கொப்பி இருந்தது நல்லதாய்ப் போயிற்று. கேட்க ஒரு கேள்வியும் இருந்தது. எத்தனை பரப்பு, வருடம் எத்தனை பயிர், ஒரு பயிருக்கு எத்தனை உழவு. படலைகளைத் திறந்தேன், நாய்கள் குரைத்தன, பிளேன்ரீ வந்தது. அண்ணையைப் பற்றி எல்லோரும் ஏதோ சொன்னார்கள். அவை எனக்கு வெளியே ஒரு தகரக் கூரையில் மழைபோல விழுந்தன. சத்தம் கேட்டது. நான் நனையவில்லை.

மற்ற நாலு வீட்டாருக்கும் சேர்த்து எழுபத்தாறு பரப்பு. மச்சாளிடம் கேட்டபோது, "எங்கடை இருபத்து நாலு," என்றார். இருபத்து நாலு என்றால் அண்ணையின் பங்கு பன்னிரண்டு, மச்சாளின் சீதனக் காணி பன்னிரண்டு என்று நானே கூட்டிக்கொண்டேன். அதன் கீழே என்னுடைய பன்னிரண்டையும் எழுதினேன். அம்மாவின் காணியில் எனக்கு வந்த பிரிக்காத அரைப் பங்கு. நான் ஒரு நாளும் உழாதது. வாத்தியார் வேலை, இடமாற்றம், பிறகு அரியாலையில் வீடு என்று அந்தப் பக்கம் போகாமலே வயது போய்விட்டது. எல்லாம் நூற்றுப் பன்னிரண்டு பரப்பு. சராசரியாக வருடம் மூன்று பயிர், பயிருக்கு மூன்று உழவு. பெருக்கிப் பார்த்தேன். இருநூற்றொரு மணித்தியாலமும் சொச்சமும். அந்த மாதங்களில் எனக்குச் சரிவந்த ஒரே காரியம் அதுதான். கொப்பியை மச்சாளிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். "ம்," என்றார்.

படிவத்தைக் கொடுக்கும் நாளும் ஒரு ஞாயிறு. கந்தோர்க்காரர் பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் ஒன்பதுக்கே போய்விட்டேன். மச்சாள் விறாந்தையில் சாக்கு விரித்து விதை வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கொப்பியைப் பார்த்துப் படிவத்தில் எழுதப்போனேன்.

"மச்சான், உங்கடை பன்னிரண்டை வேறையா எழுதியிருக்கிறியள்."

"ஓம். அதுவும் இந்த மிசினாலைதானே உழுபடப்போகுது."

"அது இருபத்து நாலுக்குள்ளைதான் கிடக்கு."

எனக்கு விளங்கவில்லை. "அப்ப உங்கடை சீதனக் காணி?"

"அது மகளின்ரை கலியாணத்தோடை போட்டுது. ஒன்பது வருசமாச்சு. உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாது. கலியாணத்துக்கு வந்தேன், சபையில் இருந்தேன், சாப்பிட்டேன், கடைசி பஸ்ஸுக்கு முன் வெளிக்கிட்டேன். பிறகும் வருடத்துக்கு ஒரு தரம் பொங்கலுக்கோ திவசத்துக்கோ வந்து போனேன். அந்த ஒன்பது வருடமும் அண்ணை உழுததில் பாதி என்னுடைய நிலம். அதற்கு முன்னரும் உழுதிருக்கிறார், உழாமல் விட்டால் பற்றை பிடித்துவிடும் என்று. ஒரு நாளும் அதை என்னிடம் ஒரு கதையாகச் சொன்னதில்லை. தை பிறந்தால் ஒரு சாக்கு வெங்காயம் பஸ்ஸில் வந்து இறங்கும். அதை அன்பளிப்பென்று நினைத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

மச்சாள் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார். "எப்பிடிச் சொல்லுறது? இவ்வளவு காலமும் எங்கடை எங்கடை எண்டு திரிஞ்சதிலை பாதி உங்கடை எண்டோ? நீங்கள் வேறையா எழுதினதைக் கண்ட உடனை, சரி, நீங்கள் பிரிக்கப்போறியள் எண்டு நினைச்சன். லண்டன்காரர் ஒருத்தர் உங்களிட்டைக் காணி கேட்டவராம். ஒழுங்கையிலை கதைச்சவை."

கேட்டவர்தான். தூரத்துச் சொந்தம், வந்து இருக்க ஒரு வீடு கட்டப்போகிறாராம். நான் இல்லை என்று சொல்லவில்லை. யோசிச்சுச் சொல்லுறன் என்றேன். யோசிக்கவும் இல்லை. அந்த நேரம் யார் என்ன கேட்டாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உங்கடையை விட்டிட்டும் ஒருக்காக் கணக்குப் பாத்தனான்," என்றார் மச்சாள். "நூற்றைம்பத்தெட்டு. தரமாட்டாங்கள்."

"தரமாட்டாங்கள் எண்டு தெரிஞ்சுகொண்டே இண்டைக்கும் என்னை வர விட்டனீங்கள்?"

"நீங்கள் ஞாயிறு ஞாயிறு வந்தியள். அவர் இருக்கேக்கை உப்பிடி வந்ததில்லைத்தானே. அதை ஏன் நான் கெடுப்பான்?"

அதில் குத்தல் இருந்ததா என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டி வைத்திருந்த பிடிகளை நான் எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பது. திரும்பவும் எண்ணினேன். பத்தொன்பதுதான். ஏதாவது உடையும் என்று காத்திருந்தேன். உடையவில்லை. என் காதுக்குள் ஓர் ஈ சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கொப்பியை எடுத்துப் பன்னிரண்டின் மேல் ஒரு கோடு கிழித்தேன். நூறு பரப்பு. நூற்றெண்பது மணித்தியாலம்.

"இருபத்து நாலுக்குள்ளைதான் கிடக்கு எண்டியள். கிடக்கட்டும்," என்றேன். மச்சாள் அடுத்த பிடிக்கு நார் எடுத்தார்.

கந்தோர்க்காரர் வந்து நூற்றெண்பதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். வெயிலில் வந்த மனிதர். இந்த ஒப்பந்தம் அவருக்கும் வேண்டியிருந்தது. "இருபதுதானே குறையுது. இருநூறு எண்டே விடுங்கோ அண்ணை. ஆர் வந்து பாக்கப்போகினம்?"

"உங்கடை மணிக்கூடு பாக்கும் எண்டு நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள்," என்றார் மச்சாள். "எடுத்துக்கொண்டு போறதுக்கோ தாறியள்?"

அவர் சிரித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மச்சாள் எழும்பித் தோட்டத்துப் பக்கம் பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பி, "இதுக்குப் பின்னாலை இழுவைப் பெட்டி கொழுவலாமெல்லே?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. சின்னப் பெட்டி."

"அப்ப குழையும் எருவும் ஆர் ஏத்துறது?"

எங்கள் பக்கத்தில் நிலத்துக்குக் குழை தாழ்ப்பார்கள். பூவரசங்குழை, பனையோலை எல்லாம் கொண்டுவந்து கிடங்கு வெட்டிப் புதைப்பது. மாட்டெருவும் அப்படித்தான், வெளியிலிருந்து வரும். அதற்கெல்லாம் அண்ணை லொறி பிடிப்பார். லொறி ஒழுங்கை வாசலில் கொட்டிவிட்டுப் போக, கடகத்தில் சுமந்து உள்ளே கொண்டு போவார்கள். உழவைத் தவிர வேறு எதையும் நான் கொப்பியில் எழுதியிருக்கவில்லை.

மச்சாள் விரல் மடக்கினார். "வருசம் வீட்டுக்கு ஆறு பெட்டி. ஐஞ்சு வீட்டுக்கு முப்பது. மற்ற நாலு வீட்டுக்காரரோடையும் நான் கதைக்கிறன், அவைக்குச் சுமக்கிறது மிச்சம், மாட்டன் எண்டு சொல்லாயினம். ஏத்தி இறக்கிற நேரம் நிப்பாட்டி வைப்பன். ஓடுற நேரம் மட்டும் பெட்டிக்கு முக்கால் மணித்தியாலம் வரும்." என்னைப் பார்த்தார். "எவ்வளவு மச்சான்?"

"இருபத்திரண்டரை."

"கூட்டுங்கோ."

"இருநூற்றிரண்டரை."

"அரை எழுதேலாது அக்கா," என்றார் கந்தோர்க்காரர். "இருநூற்றிரண்டு எண்டு போடுறன்."

"போடுங்கோ. அரையை நான் சும்மா ஓடுறன்."

அவர் எழுதினார். பிறகு காணி உறுதியின் பிரதியைப் புரட்டினார், நின்றார். "இதிலை அரைப் பங்கு இந்த அண்ணையின்ரை பேரிலை கிடக்கு. இவற்றை சம்மதக் கடிதம் ஒண்டு வேணும். மூண்டு வருசத்துக்குக் காணி அக்காவின்ரை பயிருக்குத்தான் எண்டு. அந்தப் பன்னிரண்டு இல்லாட்டி, பெட்டியையும் சேத்தும் இருநூறு வராது."

மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. "தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்," என்று குசினிக்குள் போனார். கேத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. தேநீருக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. எனக்கு இல்லை என்று சொல்ல இடம் விட்டுத்தான் உள்ளே நின்றார்.

வெள்ளைத் தாளை எடுத்தேன். மேற்படி காணியில் எனக்குரிய பிரிபடாத அரைப் பங்கை மூன்று வருட காலத்துக்குப் பயிர்ச்செய்கைக்காக எனது அண்ணையின் மனைவியின் கையில் ஒப்படைக்கிறேன், இக்காலத்தில் விற்கவோ பிரிக்கவோ மாட்டேன். மூன்று வரி. அண்ணையின் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். கையெழுத்திட்டேன். வியர்வையில் தாள் மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டது, அதைப் பிரித்தெடுத்தேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்த இடத்திலேயே இருந்து லண்டன்காரருக்கு, காணி பயிருக்குக் கொடுத்தாயிற்று, இப்போது விற்க முடியாது என்று ஒரு செய்தி அனுப்பினேன். உடனே ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. அவருக்கும் வேறு காணிகள் இருந்திருக்கும்.

மச்சாள் தட்டத்தோடு வந்தார். தேநீரைக் கொடுத்துவிட்டுக் கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டு வாசித்தார். இன்னொரு தரமும் வாசித்தார்.

"மூண்டு வருசம் முடியேக்கை உங்களுக்கு அம்பத்தேழு," என்றார்.

"ஓம்."

"எனக்கு அறுபத்து மூண்டு." தாளை நாலாக மடிக்கப்போய், கந்தோருக்குப் போகிற தாள் என்று நினைவு வந்து, நேராக்கி அவரிடம் கொடுத்தார். "சீனி காணுமே தம்பி?"

புரட்டாதி நடுப்பகுதியில் மிசின் வந்தது. பூ வைத்து, தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து முன்னால் போவதெல்லாம் சுகமாக முடிந்தது. பெட்டி கொழுவிக்கொண்டு பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். மிசினை இடப்பக்கம் திருப்பினால் பெட்டி வலப்பக்கம் போகிறது. ஒழுங்கையிலிருந்து வீதிக்குப் பின்பக்கமாகத்தான் வர வேண்டும், உள்ளே திருப்ப இடமில்லை. மச்சாள் அன்று பின்னேரம் முழுக்க அதைப் பழகினார். கந்தோர்க்காரர் பக்கத்தில் நடந்தபடி, "மற்றப் பக்கம் அக்கா, மற்றப் பக்கம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தரம் மதிலில் முட்டியது. கிணற்றுப் பங்குக்காரர் சைக்கிளோடு ஒரு படலைக்குள் ஒதுங்கி நின்று, "பிள்ளை, நான் நாளைக்கு வீட்டுக்குப் போறன், நீ ஆறுதலா வா," என்றார். மச்சாள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்துப் பெட்டியின் பின்சில்லையே பார்த்தபடி, ஓர் அடி, இன்னோர் அடி என்று வந்தார்.

என்னை வீதியில் போய் நிற்கச் சொல்லியிருந்தார்கள், வருகிற போகிறவர்களை நிறுத்த. நான் நடு வீதியில் நின்று கையை உயர்த்தினேன். ஓர் ஓட்டோ நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி, என்ன அண்ணை, சாமி வருதோ என்று கேட்டார்.

"மிசின் வருது," என்றேன். "கொஞ்சம் பொறுங்கோ. அவ இப்பத்தான் பழகிறா."